தை மாதத்து வீட்டுத் தோட்டமும் கிணற்று நீரும்

குளிர்நாடுகளில் இளவேனிலே தோட்டந் தொடங்குங் காலம். திருகோணமலைக் கரையோரத்தில் அதற்கு ஒப்பானது தை மாதமாகும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, கிணறுகள் நிறைந்து, வெயில் கடுமையாகாதிருக்கும் காலம் அது. 2022ஆம் ஆண்டு உணவு நெருக்கடியின்போது, வீட்டுத் தோட்டஞ் செய்வதற்கென அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கப்பட்டது. அது ஆனி மாதம். கிழக்குக் கரையில் அதனினும் பொருந்தாத மாதம் அரிது.

இலங்கைத்துறை போன்று கடலும் களப்பும் அருகிலுள்ள ஊர்களில், தோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது வளவின் பரப்பன்று, கிணறேயாகும். மணலில் இறங்கிய மழைநீர், கனமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்திருப்பின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் உவர்நீர் பன்மடங்கு மேலேறும். பங்குனியில் நீர் வற்றக் கண்டு கிணற்றை ஆழமாக்குதல், உவரை வலிந்து அழைப்பதாகும். இயந்திரத்தால் ஒரே முறையில் இறைப்பதிலும், காலையும் மாலையும் வாளியால் அளவாக அள்ளுதல் நன்று.

10 அடி நீளமும் 4 அடி அகலமுமான நான்கு பாத்திகளுக்கு நாள்தோறும் எட்டுப் பத்து வாளி நீர் வேண்டும். முதலாண்டில் இதற்கு மேற் செல்லாதிருத்தல் நலம்.

மாரிக்காலத்து மேட்டுப்பாத்தி தையில் உதவாது. ஓர் அடி ஆழம் வெட்டி, பொச்சுமட்டைகளை உட்புறம் மேல்நோக்கி அடுக்கி, பூவரசம் இலையும் நன்கு மக்கிய மாட்டெருவும் கலந்த மண்ணால் மூடுதல் வேண்டும். பாத்தி நிலமட்டத்துக்குச் சற்றுத் தாழ்ந்து, சுற்றிலும் சிறு வரம்பு கொண்டிருக்க வேண்டும். மட்டை நீரை உறிஞ்சி வைத்திருக்கும்; வெறும் மணல் அவ்வாறு செய்யாது.

கத்தரி, மிளகாய் நாற்றுகளை மார்கழியிலேயே தயார் செய்தல் வேண்டும். நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தபின் விதைத்தால் நாற்றழுகல் குறையும். நான்கு வாரத்து நாற்றை மாலையில் நட்டு, சில நாட்கள் கிடுகால் நிழல் அளித்தல் வேண்டும். வெண்டியையும் பயற்றையையும் நேரே விதைக்கலாம். குளிக்கும் நீர் விழும் இடத்தில் வாழை நடுதல் பழைய வழக்கம். அதை விடுதல் கூடாது.

வெங்காயம் உவரை முதலில் உணர்த்தும் பயிர். கிணற்று நீரில் சவர்க்காரம் நுரையாதிருப்பினும், வெங்காயத் தாளின் நுனி கருகினும், அப்பாத்திக்கு இறைப்பதை நிறுத்தி, எஞ்சிய நன்னீரைக் குடிப்பதற்கு ஒதுக்குதல் வேண்டும். வேலியோரத்து முருங்கை அடுத்த மழைவரை கீரைக்குப் போதும்.