2090 நானோமீட்டரில் ஒரு ஹோல்மியம் லேசர் கட்டுவது எப்படி?

சிறுநீரகக் கல்லை உடைக்கும் ஹோல்மியம் லேசரைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தக் கருவிக்குள் குரோமியம், துலியம், ஹோல்மியம் மூன்றும் கலந்த யாக் படிகத்துக்கு ஃபிளாஷ் விளக்கு ஒளியூட்டுகிறது. விளக்கின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே போகும். பல பத்து வாட் திறனும் நேர்த்தியான கற்றையும் வேண்டுமானால், ஹோல்மியம் மட்டும் கலந்த யாக் படிகத்தை 1908 நானோமீட்டர் துலியம் ஃபைபர் லேசரால் பம்ப் செய்வதே சரியான வழி. உயர்திறன் லேசரோடு ஆய்வகத்தில் ஏற்கெனவே பழகியவர்களுக்காக அந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

1908-இல் உள்ளே போகும் ஒளி 2090-இல் வெளியே வருகிறது. ஒவ்வொரு ஃபோட்டானிலும் வெப்பமாக மாறுவது சுமார் 9 சதவீதம்தான். 808-இல் பம்ப் செய்து 1064-இல் ஒளி எடுக்கும் நியோடிமியம் யாக்கில் இது கிட்டத்தட்ட கால் பங்கு. வெப்பம் பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைப்பதுதான் உயர்திறனுக்கு வழி. கீழே வரும் தேர்வுகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் பாதுகாப்பு. பம்ப், லேசர் இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது. 2 மைக்ரான் ஒளி விழித்திரையை எட்டாது என்பதால் ‘கண்ணுக்குப் பாதுகாப்பானது’ என்பார்கள். பத்து வாட்டில் அந்தப் பேச்சை நம்பாதீர்கள். ஒளியை உறிஞ்சும் கார்னியா வெந்துவிடும். இரண்டு அலைநீளத்துக்கும் உரிய கண்ணாடி அணியுங்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவையுங்கள். கதவு திறந்தால் பம்ப் அணையும்படி இணைப்புக் கொடுங்கள்.

அடுத்தது படிகம். ஹோல்மியம் கலப்பு 0.5 முதல் 1 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அதிகம் கலந்தால் பம்ப் ஒளி சிறிய தூரத்திலேயே உறிஞ்சப்படும் என்பது உண்மைதான். ஆனால் அயனிகள் நெருங்கும்போது, கிளர்ந்த இரண்டில் ஒன்று தன் ஆற்றலை மற்றதற்குக் கொடுத்து அதை இன்னும் மேலே தள்ளும். லேசருக்கு வரவேண்டிய ஆற்றல் அப்படியே வெப்பமாகிவிடும். அதனால் கலப்பைக் குறைத்து, 30 முதல் 50 மில்லிமீட்டர் நீளமுள்ள தண்டை எடுப்பதே நல்லது. இரு முனைகளிலும் 1908, 2090 இரண்டுக்கும் எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு அவசியம்.

தண்டை மெல்லிய இண்டியம் தகட்டில் சுற்றி, நீர் ஓடும் செம்புப் பிடிக்குள் வையுங்கள். திருகுகளைச் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஹோல்மியத்தில் லேசரின் கீழ்மட்டம் தரைமட்டத் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது; படிகம் சூடானால் அங்கே அயனிகள் கூடி, லேசர் ஒளியையே விழுங்கும். அதனால் குளிர்ச்சி நல்லது. ஆனால் பனிநிலைக்குக் கீழே போனால் பூச்சின் மேல் ஈரம் படியும். கடலோர ஊர்களில் இது அன்றாடச் சிக்கல். பெட்டியை மூடி உலர் நைட்ரஜன் செலுத்துங்கள். 1.9 மைக்ரான் பகுதியில் நீராவியே ஒளியை உறிஞ்சுவதால் இதில் இரட்டைப் பயன்.

பம்ப் லேசரின் அலைநீளம் நகரக்கூடாது. ஹோல்மியம் யாக்கின் உறிஞ்சு முகடு குறுகியது. ஃபைபர் கிரேட்டிங்கால் பூட்டிய லேசரையே வாங்குங்கள்.

கேவிட்டியைக் கட்டும்போது லேசர்ப் புள்ளி பம்ப் புள்ளியைவிடப் பெரிதாக வேண்டாம். பம்ப் படாத இடம் லேசரை உறிஞ்சும். மிஞ்சிய பம்ப் ஒளியைத் திருப்பி அனுப்பி இரண்டாம் முறை கடக்க வைக்கலாம்; அது ஃபைபருக்குள் திரும்பி நுழையாதபடி சற்றுச் சாய்த்து அனுப்புங்கள். வெளியீட்டுக் கண்ணாடியின் ஊடுகடத்தலை 20 சதவீதம் அளவில் தொடங்கி, மாற்றிப் பாருங்கள். சிவப்பு லேசரும் இரண்டு ஊசித்துளைகளும் கொண்டு எல்லாவற்றையும் நேர்கோட்டில் நிறுத்துங்கள்.

இனி பம்பைப் படிப்படியாக ஏற்றுங்கள். சிலிக்கான் உணர்வி 2 மைக்ரானைக் காணாது. வெப்பவகைத் திறன்மானி வேண்டும். உறிஞ்சப்பட்ட திறனுக்கு எதிராக வெளியீட்டை வரைபடமாக்குங்கள். கோடு நேராக ஏறும்வரை கவலையில்லை. வளைந்து படுக்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். படிகம் வெப்பத்தால் குவிலென்ஸாக மாறி கேவிட்டியை நிலைகுலையச் செய்திருக்கலாம். கண்ணாடிகளின் இடைவெளியை அந்த லென்ஸைக் கணக்கில் எடுத்து மாற்றுங்கள். பம்பை மேலும் ஏற்றுவது தீர்வல்ல.

துடிப்புகள் வேண்டுமெனில் ஒலி-ஒளி கியூ-சுவிட்சைச் சேர்க்கலாம். ஹோல்மியம் யாக்கின் மேல்மட்ட ஆயுள் சுமார் 8 மில்லிநொடி. ஆற்றலை நிறையத் தேக்கும். தேங்கியதெல்லாம் முதல் துடிப்பிலேயே வெளிப்பட்டால் பூச்சு பெயர்ந்துவிடும். எனவே பம்பைக் குறைத்து, பல கிலோஹெர்ட்ஸில் தொடங்கி, மெல்ல இறங்குங்கள்.

3 முதல் 5 மைக்ரான் ஒளி தேவையென்றால் இந்தத் துடிப்புகளைத் துத்தநாக ஜெர்மானியம் பாஸ்பைடு படிகத்துக்குள் அனுப்பலாம். 2 மைக்ரானுக்குக் கீழே அந்தப் படிகத்தின் உறிஞ்சல் அதிகம். மிச்சமிருக்கும் 1908 ஒளியை முன்னதாகவே ஒரு வடிகட்டிக் கண்ணாடியால் பிரித்து எடுத்துவிடுங்கள்.