பஸ்ஸும் பைக்கும் மோதினால்…

கேரளாவில் வித்துரா தாண்டி பொன்முடிக்கு ஏறினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பைக்கும் பஸ்ஸும் மோதிக்கொண்டால், ‘பெரிய வண்டி மேலதான் தப்பு’ என்று கூட்டம் உடனே தீர்ப்பு சொல்லிவிடும். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அப்படிப் பார்ப்பதில்லை. தப்பில் உங்கள் பங்கு 30 சதவீதம் என்றால், இழப்பீட்டிலும் 30 சதவீதம் வெட்டு.

1. முதலில் 112-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் பஸ் மோதியதாகவே எழுதச் சொல்லுங்கள். ‘வழுக்கி விழுந்தார்’ என்று எழுதிவிட்டால் வழக்கு அங்கேயே நொண்டும்.

2. வண்டிகளை நகர்த்தும் முன் படம் எடுங்கள். டயர் தேய்த்த தடம், கண்ணாடிச் சில்லு, நடுக்கோடு மூன்றும் ஒரே படத்தில் விழட்டும்; யார் கோடு தாண்டி வந்தார் என்பது அதில்தான் தெரியும். உடைந்த இண்டிகேட்டரை மட்டும் கிட்டத்தில் எடுத்துப் பயனில்லை.

3. வாக்குமூலத்தில் யார் ஏறினார், யார் இறங்கினார் என்று சொல்லுங்கள். குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும். 2017-ம் ஆண்டு ஓட்டுநர் விதி அது.

4. பயணி ஒருவரின் போன் நம்பர் வாங்குங்கள். கண்டக்டர் சாட்சி பெரும்பாலும் டிரைவர் பக்கம் சாயும்.

5. லைசென்ஸ் இல்லையே என்று ஒதுங்காதீர்கள். அபராதம் உண்டுதான், ஆனால் அது மட்டுமே விபத்துக்குக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லியிருக்கிறது.

6. பின்னால் உட்கார்ந்தவர் முழு இழப்பீட்டையும் ஒரே தரப்பிடம் கேட்கலாம், ஓட்டிய இருவர் மேலும் தப்பு இருந்தாலும்.

7. இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் போடுங்கள். சட்டம் வைத்த கெடு. நாகர்கோவில்காரர் அதற்காகக் கேரளாவுக்கு அலைய வேண்டாம், நாகர்கோவிலிலேயே போடலாம்.