தறியும் தேரும் மணியும்

காஞ்சிபுரம் கோயில்களால் புகழ்பெற்றது, பட்டாலும் புகழ்பெற்றது. பல்லவரின் தலைநகராய் விளங்கிய அம்மூதூரில் விடியற்காலையில் கோயில் மணி ஒலிக்கும். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறியொலி கேட்கும். மணியோசை வழிபாட்டுக்கு உரியது. தறியோசை வாழ்வுக்கு உரியது. எனினும், இயற்பியல் கற்றார் செவிக்கு இரண்டும் ஒரு பொருளையே கூறுவன. அப்பொருள் ஆற்றல் என்பது. வேலை செய்யும் திறனே ஆற்றல் எனப்படும். அது வெப்பமாய், இயக்கமாய், அலையாய்ப் பல வடிவு கொள்ளும். அவ்வடிவுகள் யாவற்றையும் காஞ்சி நகரிலேயே காணலாம்.

முதற்கண் சாயப் பட்டறையைக் காண்போம். பச்சைப் பட்டு நூலில் இயற்கையாக ஒரு பசை படிந்திருக்கும். சவர்க்காரம் கரைத்த வெந்நீரில் இட்டால் அப்பசை நீங்கும். நூலின் எடையும் நான்கில் ஒரு பங்கு வரை குறையும். மென்மையும் ஒளியும் தோன்றும். பின்னர் அதனைச் சூடான சாய நீரில் தோய்ப்பர். சூடு எதற்கு? பொருள்கள் யாவும் நுண்ணிய மூலக்கூறுகளால் ஆனவை. அவை ஓயாது அசைந்துகொண்டிருக்கும். அவ்வசைவு மிகுதலே சூடேறுதல். சூட்டினால் விரைந்து திரியும் சாய மூலக்கூறுகள் நூலினுள் எளிதிற் புகுகின்றன. குவளை நீரும் அண்டா நீரும் ஒரே அளவு சூடாயிருப்பின் இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே. ஆயினும், அண்டா நீரில் அடங்கிய வெப்பமே மிகுதி. வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு என்பதை மறத்தலாகாது.

சாயமேறிய நூல் தறிக்கு வருகின்றது. குழித்தறியில் அமர்ந்த நெசவாளர் காலால் மிதிபலகையை மிதிக்கின்றார். பாவு நூல்கள் மேலும் கீழுமாய்ப் பிரிகின்றன. அவ்விடைவெளியில் ஊடை நூலைச் சுமந்த நாடா பாய்கின்றது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாய்க் கோர்வை முறையில் நெய்யும்போது மூன்று நாடாக்கள் வேண்டும். துணைக்கு மற்றொருவரும் வேண்டும். கையை விட்டகன்ற பின்னரும் நாடா ஓடுவது எதனால்? இயங்கும் பொருள், புறவிசை தடுக்காதவரை, நேர்கோட்டில் ஒரே வேகத்தில் இயங்கிக்கொண்டேயிருக்கும். 1687 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் நியூட்டன் இதனை முதல் விதியாக வகுத்தார்.

இவ்விதியைப் பெரிய அளவில் காட்டுவது தேரோட்டம். வைகாசித் திருவிழாவில் வரதராசப் பெருமாள் தேரின் வடத்தைப் பலர் பற்றி இழுப்பர். நின்ற தேரைப் பெயர்த்தற்கே பெருமுயற்சி வேண்டும். ஓடத் தொடங்கிய பின் அத்துணை முயற்சி வேண்டா. ஓடும் தேரை நிறுத்துவதும் எளிதன்று. சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை இடுவர். கட்டையும் சக்கரமும் உராய்ந்து சூடேறும். தேரின் இயக்க ஆற்றல் எங்கே போயிற்று? அது வெப்பமாய் மாறிற்று.

இனி அலையைக் காண்போம். அக்கோயிலின் அனந்தசரசுத் திருக்குளத்தில் ஒரு மழைத்துளி விழுந்தால் வட்டவட்டமாய் அலைகள் பரவும். நீரில் மிதக்கும் இலையோ, எழுந்து தாழுமேயன்றி அலையுடன் கரைக்குச் செல்லாது. ஆகவே, அலை சுமந்து செல்வது நீரையன்று, ஆற்றலையே. மணியோசையும் அத்தகையதே. நாவடிபட்ட மணி அதிர்கின்றது. அவ்வதிர்வு காற்றில் அலையாகி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கின்றது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருப்பவர் அதனை மூன்று நொடி கழித்தே கேட்பர். இத்தகைய அதிர்வுகளை ஆராய்ந்தவருள் நம் நாட்டுச் சர் சி. வி. இராமனும் ஒருவர். மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரணையே அதன் இனிய ஒலிக்குக் காரணம் என்பதை அவர் ஆய்ந்து விளக்கினார்.

இயக்கம் வெப்பமாகும் என்பதை அளந்து காட்டியவர் இங்கிலாந்து நாட்டு ஜூல். 1840 முதல் 1850 வரையிலான காலத்தில், கீழிறங்கும் எடையைக் கொண்டு நீரினுள் துடுப்புகளைச் சுழற்றி, அந்நீர் சூடாவதை அவர் அளந்தார். அவர் பெயரே இன்று ஆற்றலின் அலகாய் வழங்குகின்றது. அவர் கண்ட கணக்கு வியப்பூட்டுவது. ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை செல்சியசு சூடாக்க வேண்டும் ஆற்றல், பத்துக் கிலோகிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 43 முறை தூக்கும் ஆற்றலுக்குச் சமம். ஆகவே, பத்து லிட்டர் சாய நீரை 30 பாகையிலிருந்து 90 பாகைக்குச் சூடேற்றும் ஆற்றலைக் கொண்டு அவ்வெடையை 25,000 முறைக்கு மேல் தூக்கலாம்! சிறிது விறகு எரிந்து தரும் ஆற்றல், மனிதர் பல நாள் உழைத்துத் தருவதற்கு ஒப்பாகும்.

இக்கணக்கில் ஓர் அறமும் உண்டு. ஆற்றல் ஆக்கப்படுவதுமில்லை, அழிக்கப்படுவதுமில்லை, வடிவு மாறுகின்றது. ஆனால், உழைப்பவர் உடல் தேயும். ஜக்கார்டுப் பெட்டியை நாள்தோறும் காலால் மிதித்துத் தூக்கும் நெசவாளர்க்கு முழங்கால் நோவு வருகின்றது. அவ்வேலைக்கு மின்விசைக் கருவி இந்நாளில் உண்டு. எளிதிற் கிடைக்கும் ஆற்றலை மனிதரின் காலிலிருந்து பிழிந்தெடுத்தல் அறிவுடைமை ஆகாது. அதே வேளையில், எத்துணை விறகை எரித்தாலும் ஒரு சேலை தானே உருவாகாது. ஆற்றலை நெறிப்படுத்தும் கையும் கண்ணும் கருத்தும் வேண்டும். சுமையைப் பொறிக்கு அளித்துக் கலையை மனிதர்க்குக் காத்தலே இயற்பியல் கற்றதன் பயனாகும்.