முகம் காணா நட்பு

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நெடுங்காலம் ஒருவரையொருவர் நேரிற் காணாமலே நட்புப் பூண்டிருந்தனர். தம் பெயரை வினவினார்க்கு ஆந்தையார் சோழன் பெயரையே தம் பெயராகக் கூறுவார் என்பது புறநானூற்றால் அறியப்படும். பிறன் பெயரை அவர் பூண்டது அன்பினால், ஒளிந்துகொள்வதற்காக அன்று.

முகம் அறியாதாரோடு பழகும் வாய்ப்பு இக்காலத்திற் பெருகியுள்ளது. ஆலைத் தொழில் கருதிப் பல ஊரினரும் குடியேறிய ஒசூரில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் அருகருகே ஒலிக்கின்றன. ஜூஜூவாடியைக் கடந்தால் கருநாடகம் தொடங்கும். ஆனால் வானொலி அலைக்கு அவ்வெல்லை இல்லை. அவ்வலை வழியே அயலாரோடு அளவளாவும் பொழுதுபோக்கை ஹாம் வானொலி என்பர்.

நம் நாட்டில் 12 வயது நிரம்பியோர் அரசுத் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, இதில் ஈடுபடலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனி அழைப்புக் குறி வழங்கப்படும். பேசத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அதனைக் கூறுதல் வேண்டும். அக்குறியில் சாதியும் இல்லை, பதவியும் இல்லை. ஆலைத் தொழிலாளியும் உயர் அதிகாரியும் அங்கே ஒரு நிகரினரே. ஆயினும், தகாதன பேசினால் பேசியவர் இன்னார் எனக் குறியே காட்டிவிடும்.

அவர்தம் ஒழுக்கமும் போற்றத்தக்கது. முதலிற் செவிசாய்ப்பர், அலைவரிசையில் பிறர் பேசவில்லை எனத் தெளிந்த பின்னரே வாய் திறப்பர். வாணிகம் பேசார். விடைபெறுங்கால் 73 என்பர்; ‘நல்வாழ்த்துகள்’ என்பது அதன் பொருள். எவரேனும் இடர்க்குரல் எழுப்பினால் ஏனையோர் தம் பேச்சை நிறுத்தி வழிவிடுவர்.

இவ்வொழுக்கத்தின் பயன் 2004ஆம் ஆண்டு விளங்கிற்று. அவ்வாண்டு டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையாரின் குழுவினர், உலகெங்கும் உள்ள ஹாம் அன்பர்களோடு பேசும் பொருட்டு அந்தமானின் போர்ட் பிளேர் நகரில் நிலையம் அமைத்திருந்தனர். 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிற்று. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. உடனே அவர்கள் பொழுதுபோக்கை விடுத்து, தீவினர் நிலையைத் தாயகத்திற்கு அறிவிக்கும் பணியில் இறங்கினர். பெயரற்ற குரலொன்று அச்செய்திகளைக் கூறியிருப்பின் எவர் நம்புவர்? பலர் ஒருங்கே கூச்சலிட்டிருப்பின் எவர் செவிக்கு எட்டியிருக்கும்?

இன்று தபால்தலை சேர்ப்போரும், பறவை நோக்குவோரும், சதுரங்கம் ஆடுவோரும் இணையத்திற் கூடுகின்றனர். அவருட் பலர் புனைபெயர் பூண்டவர். அது குற்றமன்று, இளையோர் தம் முகவரியை அயலார்க்கு அறிவியாமை அறிவுடைமையும் ஆகும். ஆனால், ஆள் தெரியாது என்னும் துணிவாற் பிறரை இழித்துரைத்தல் இருளில் நின்று கல்லெறிதலை ஒக்கும். எறிந்தவன் முகம் தெரியாவிடினும் பட்டவன் புண் மெய்யன்றோ?

ஆதலின், மாணவர்களே! புனைபெயரில் எழுதும் ஒவ்வொரு சொல்லையும், நும் இயற்பெயரால் எழுத நாணுவீரோ என வினவிப் பாருங்கள். நாணுவீராயின் அச்சொல்லை விலக்குங்கள். பெயர் மறையலாம், பண்பு மறையலாகாது.