அடக்கம் போட முடியாத நாடு: இந்தோனேசியா தரும் பாடம்



கொள்முதல் விலை, லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கழிவு, வட்டி ஆகிய அனைத்தையும் கூட்டி அடக்கம் போட்ட பிறகே நாம் விற்பனை விலையை நிர்ணயிக்கிறோம். அடக்கம் தெரியாத சரக்கில் எவரும் கை வைப்பதில்லை. அயல்நாட்டில் ஆலை கட்ட வரும் பெரிய கம்பெனியும் இதையேதான் செய்கிறது. நிலத்தின் விலை, கூலி, மின்கட்டணம், வரி எல்லாவற்றையும் பல ஆண்டுகளுக்குக் கணக்கிட்டுப் பார்க்கிறது. அந்தக் கணக்கில் அடங்காத செலவு ஒன்று உண்டு. அதுதான் லஞ்சம். எவ்வளவு, எத்தனை பேருக்கு, எத்தனை முறை என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

வளரும் நாடுகளில் ஊழல் அந்நிய முதலீட்டை எப்படிப் பாதிக்கிறது என்பதை அறிய, இந்தோனேசியாவின் வரலாறு நல்ல பாடமாகும். நம் கடைகளுக்குப் பாமாயில் அனுப்பும் முக்கிய நாடு அது.

வரியும் லஞ்சமும் ஒன்றல்ல

"வரியாகக் கொடுத்தால் என்ன, மாமூலாகக் கொடுத்தால் என்ன? செலவு செலவுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஷாங்-ஜின் வெய் என்ற பொருளாதார அறிஞர் 1990களில் இதை ஆராய்ந்தார். ஒரு நாட்டின் ஊழல் சிங்கப்பூரின் அளவிலிருந்து மெக்சிகோவின் அளவுக்கு உயர்ந்தால், வரியை 20 சதவீதப் புள்ளிகளுக்கும் மேலாக உயர்த்தினால் எவ்வளவு முதலீடு குறையுமோ அவ்வளவு குறையும் என்பது அவர் கண்ட முடிவு.

காரணம் எளிது. வரி கட்டினால் ரசீது உண்டு. அத்துடன் அந்தக் கணக்கு முடிந்தது. லஞ்சம் வாங்கியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றாவிட்டால் எந்த நீதிமன்றத்திலும் முறையிட முடியாது. அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் புதிதாகக் கேட்பார். விலை படியாவிட்டால் நாம் சரக்கு லாரியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். கட்டி முடித்த ஆலையை யாரும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. கேட்பவருக்கும் அது தெரியும்.

மேலும், வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பது அமெரிக்காவில் 1977 முதல் குற்றம். 1997இல் கையெழுத்தான உடன்படிக்கைக்குப் பின் மற்றப் பணக்கார நாடுகளும் அத்தகைய சட்டங்களை இயற்றின. ஆகவே பெயருக்கும் சட்டத்துக்கும் அஞ்சும் கம்பெனி ஒதுங்கிக்கொள்கிறது. எதற்கும் துணிந்தவர்களே மிஞ்சுகிறார்கள்.

ஒரே வாசல் இருந்த காலம்

உலக நாடுகளின் ஊழல் மதிப்பீட்டுப் பட்டியல் முதன்முதலாக 1995இல் வெளிவந்தபோது, அதிலிருந்த 41 நாடுகளில் இந்தோனேசியாவுக்குக் கடைசி இடம் கிடைத்தது. ஆனால் 1996இல் அந்நாட்டுக்கு 600 கோடி டாலருக்கும் மேல் நேரடி அந்நிய முதலீடு வந்தது. இது எப்படி?

அதிபர் சுகார்த்தோவின் ஆட்சியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய வாசல்தான் இருந்தது. யாரைப் பார்க்க வேண்டும், யாரைப் பங்காளியாகச் சேர்க்க வேண்டும் என்பது வெளிநாட்டாருக்குத் தெரிந்திருந்தது. கணக்கில் எழுத முடியாவிட்டாலும் ஓரளவு ஊகிக்க முடிந்தது. ஆயினும் அந்தக் காலத்திலேயே விரிசல்கள் தெரிந்தன.

துறைமுகங்களில் சுங்க அதிகாரிகளின் வசூல் தாங்க முடியாமல் போகவே, 1985இல் அரசே அவர்களை ஒதுக்கிவிட்டு, இறக்குமதிச் சரக்கைச் சோதிக்கும் வேலையை ஒரு சுவிட்சர்லாந்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. சரக்குகள் புறப்படும் நாட்டிலேயே சோதிக்கப்பட்டன. ஓர் அரசு தன் சொந்த அலுவலர்களை நம்ப முடியாமல் போன நிலை இது!

1990களின் தொடக்கத்தில் கிராம்பு வியாபாரம் முழுவதும் அதிபரின் இளைய மகன் டாமியின் நிறுவனத்துக்குப் போயிற்று. அந்நாட்டுக் கிராம்பில் பெரும்பகுதி கிராம்பு கலந்த சிகரெட் தயாரிக்கவே போகிறது. ஒரே கொள்முதலாளர் என்றானபின் விவசாயிக்குக் கிடைத்த விலை வீழ்ந்தது, ஆலைகள் கொடுத்த விலை ஏறியது, சரக்கு தேங்கியது. தலைமுறை தலைமுறையாகக் கிராம்பு வியாபாரம் செய்தவர்களுக்கு அதில் இடமில்லை.

1996இல் அதே மகனின் கார் நிறுவனத்துக்கு இறக்குமதித் தீர்வையும் ஆடம்பர வரியும் விலக்கப்பட்டன. கொரியாவிலிருந்து முழுக் காராகவே வந்த வண்டி 'தேசியக் கார்' என விற்கப்பட்டது. விதிகளை நம்பி அங்கே ஏற்கெனவே ஆலை போட்டிருந்த ஜப்பானியக் கம்பெனிகள் திகைத்தன. ஜப்பானும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. 1998இல் தீர்ப்பு இந்தோனேசியாவுக்கு எதிராக வந்தது.

வாசல் இடிந்தபோது

1997 ஜூலையில் தாய்லாந்தில் தொடங்கிய நெருக்கடி இந்தோனேசியாவுக்கும் பரவியது. அதற்கு ஊழல் மட்டுமே காரணமென்று சொல்ல முடியாது. டாலரில் வாங்கிய குறுகிய காலக் கடன்களும் காரணம். ஆனால் வங்கிகள் வேண்டியவர்களுக்கே கடன் கொடுத்திருந்ததால், எந்தப் பேரேடு உண்மை, எது பொய் என்று எவருக்கும் தெரியவில்லை. நம்பிக்கை போன இடத்தில் பணம் நிற்குமா? நெருக்கடிக்கு முன் ஒரு டாலருக்குச் சுமார் 2,400 ஆக இருந்த ரூபியா, 1998இல் 16,000ஐயும் தாண்டிச் சரிந்தது. அந்த ஓர் ஆண்டில் நாட்டின் உற்பத்தி சுமார் 13 சதவீதம் குறைந்தது.

1998 மே மாதம் ஜகார்த்தாவில் கலவரம் மூண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சீன வம்சாவளி வணிகர்களின் கடைகள் குறிவைத்துச் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. மே 21இல் சுகார்த்தோ பதவி விலகினார். நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: சலுகை பெற்றவர்கள் ஒரு சிலர், எரிந்தது அன்றாடம் கடை திறந்து பிழைத்தவர்களின் கல்லாப்பெட்டி.

அதன் பின் ஒரு வாசல் பல வாசல்களாயிற்று. 2001 முதல் மாவட்டங்களுக்கு அதிகாரம் பிரித்தளிக்கப்பட்டபோது, அனுமதிக்காக ஏற வேண்டிய படிகளும் கூடின. 2000ஆம் ஆண்டில் வந்த முதலீட்டைவிட வெளியேறியது சுமார் 450 கோடி டாலர் அதிகம்.

மீண்ட வழி

2002இல் சட்டம் இயற்றி, 2003இல் தன்னாட்சி கொண்ட ஊழல் ஒழிப்பு ஆணையம் ஒன்றை நிறுவினார்கள். அமைச்சர்கள், ஆளுநர்கள் மட்டுமின்றி, அரசியல் சாசன நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியையே 2013இல் அந்த ஆணையம் கைது செய்தது. 2014இல் நேரடி அந்நிய முதலீடு சுமார் 2,500 கோடி டாலராக உயர்ந்தது. பெரிய சந்தையும் கனிம வளமும் இதற்குத் துணை நின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2019இல் அந்த ஆணையத்தின் தன்னாட்சி சட்டத் திருத்தத்தால் குறைக்கப்பட்டது.

நிக்கல் தாது இருக்கும் இடத்துக்கு எப்படியும் முதலாளி வருவார். ஏனெனில் தாது எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆனால் ஆயிரம் பேருக்கு வேலை தரும் துணி ஆலையும் செருப்பு ஆலையும் எந்த நாட்டுக்கும் போகலாம். ஊழலால் ஒரு நாடு முதலில் இழப்பது இவற்றைத்தான். ஆலை வராத ஊரில் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாத ஊரில் நம் போன்ற கடைகளுக்கு வியாபாரம் இல்லை.

ஆகவே இது பெரிய கம்பெனிகளின் கவலை மட்டும் என்று நாம் இருந்துவிடலாகாது. கட்டணம் எவ்வளவு என்று பலகையில் எழுதி வைக்கச் சொல்வதும், கட்டிய பணத்துக்கு ரசீது கேட்பதும், தனியாளாக அல்லாமல் சங்கமாகச் சென்று கேட்பதும் சிறிய காரியங்கள்தான். ஆனால் அடக்கம் போடக்கூடிய ஊரில்தான் முதல் தங்கும். அது அயலார் முதலானாலும் சரி, நம் முதலானாலும் சரி.