பெங்களூரு கம்ப்யூட்டரில் நம்ம ஊர் டயல்-அப்

டயல்-அப் காலத்தில் சானமாவு, ஓசூர் பக்கம் பழைய கம்ப்யூட்டரைப் பெரும்பாலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில்தான் வாங்கினோம். அதில் விண்டோஸ் 98 ஓடியது, மோடமும் இருந்தது. ஆனா டயல் செய்தால் லைன் கிடைக்காது. ஏன் தெரியுமா?

அந்த மெஷின் தான் இன்னும் பெங்களூரில் இருப்பதாகவே நினைச்சிட்டு இருக்கு! அதன் ஏரியா கோடு 80. நீங்க புது கனெக்‌ஷனில் நம்ம 4344-ஐப் போட்டதும், "ஓ, வெளியூர் கால்" என்று எண்ணுக்கு முன்னால் 04344-ஐயும் சேர்த்து அடிக்கும். மோடம் ஸ்பீக்கரைக் கவனிங்க. உங்க எண்ணைவிட ஐந்து பீப் கூடுதலாக வந்தால் இதுதான் விஷயம்.

கன்ட்ரோல் பேனலில் டெலிபோனி போய் ஏரியா கோடை 4344 ஆக்குங்க. அதைவிட சுலபம், கனெக்‌ஷன் ப்ராப்பர்ட்டீஸில் 'யூஸ் ஏரியா கோட்' டிக்கையே எடுத்துடுங்க. எனக்கு இதுதான் பிடிக்கும்.

680 எரர் வந்தால் டயல் டோன் கேட்கவில்லை என்று அர்த்தம். சுவரிலிருந்து வரும் ஒயர் மோடத்தின் 'லைன்' துளையில் இருக்கா பாருங்க. போனில் டோன் கேட்டும் எரர் போகலையா? மோடம் ப்ராப்பர்ட்டீஸில் 'வெயிட் ஃபார் டயல் டோன்' டிக்கை எடுங்க.

வேகம்? 56 கே மோடம் முழு வேகத்தில் ஓடினாலே நொடிக்கு 7 கிலோபைட்தான். 3 எம்.பி. பாட்டுக்கு ஏழு நிமிஷத்துக்கு மேல ஆகும். லைன் கரகரத்தால் இன்னும் நேரமாகும். அதுவரை வீட்டில் யாரும் ரிசீவரைத் தூக்காம பார்த்துக்கோங்க!