சிலேட்டுக் கல் மேட்டில் நூறாண்டுத் திராட்சை

நிலத்துக்கு நிலம் விளைபொருளின் ருசி மாறும் என்பது விவசாயப் பெருமக்கள் அறிந்ததே. ஒரே ரகத்தை வாய்க்கால் ஓரத்திலும் மேட்டாங்காட்டிலும் நட்டால் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இந்த வித்தியாசத்தையே விலையாக்கி, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே மேட்டில் வெள்ளைத் திராட்சை பயிரிட்டுவரும் ஜெர்மானியக் குடும்பம் ஒன்றைப் பற்றி இந்த வாரம் பார்ப்போம். அவர்கள் விற்பது ஒயின். மதுவுக்கு வக்காலத்து வாங்குவது நம் நோக்கமல்ல. சாகுபடியில் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன.

ஜெர்மனியின் மேற்கு எல்லையோரம் மோசல் நதியில் கலக்கும் சிறு நதி சார். அதன் அருகே, வில்டிங்கன் கிராமத்தை ஒட்டி இருக்கிறது ஷார்ட்ஸ்ஹோஃப்பெர்க் என்னும் மேடு. மொத்தம் சுமார் 28 ஹெக்டேர், அதாவது 70 ஏக்கர். முன்பு டிரியர் நகரத்து மடம் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியை அடுத்து மடத்து நிலங்கள் விற்பனைக்கு வந்தபோது, 1797ல் முல்லர் குடும்பத்தின் முன்னோர் ஒருவர் இதை வாங்கினார். காலப்போக்கில் மேடு பல கைகளுக்குப் பிரிந்தது. இன்று முல்லர் குடும்பத்திடம் இருப்பது சுமார் 8 ஹெக்டேர். தலைமுறைதோறும் பண்ணையை நடத்துபவர் பெயர் எகான் முல்லர்தான். நாம் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். அவர்கள் அப்பன் பெயரையே மகனுக்கு வைத்துவிடுகிறார்கள்.

இங்கே மண் என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. பள்ளிப் பிள்ளைகள் எழுதிய சிலேட்டுப் பலகையின் கல்தான் சில்லுசில்லாக உடைந்து சரிவு முழுவதும் கிடக்கிறது. கத்தரி, மிளகாய்க்கு உதவாத நிலம். ஆனால் குளிர் மிகுந்த அந்த வட்டாரத்தில் இந்தக் கல் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. மழைநீர் தேங்காமல் வடிந்துவிடுகிறது. ஈரத்தைத் தேடி வேர் பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்குகிறது. தெற்கு நோக்கிய சரிவு ஆதலால் வெயிலும் நன்றாக விழுகிறது.

கல்லின் ருசியே கொடி வழியாக ஏறி ஒயினில் இறங்கிவிடுகிறது என்று வியாபாரிகள் சொல்வதுண்டு. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பாறை கரைந்து பழத்தில் ருசியாக ஏறுவதில்லை. வெப்பம், வடிகால், வேரின் ஆழம், பழம் எவ்வளவு மெதுவாகக் கனிகிறது என்பவையே ருசியைத் தீர்மானிக்கின்றன. இங்கு விளையும் ரீஸ்லிங் தாமதமாகக் கனியும் ரகம். அறுவடை அக்டோபரில் தொடங்கி நவம்பர் வரை நீளும். மெதுவாகக் கனிவதால் புளிப்பு குறையாமலே இனிப்பும் ஏறுகிறது.

நம் கொடிகளைப் போல் பந்தல் போடுவதில்லை. பழைய முறையில் கொடிக்கு ஒரு கழி நட்டு, கவாத்தில் விட்ட இரண்டு குச்சிகளை வளைத்து அதே கழியில் கட்டுகிறார்கள். இவ்வாறு ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடி வரை நெருக்கி நடலாம்.

முல்லர் பண்ணையின் பெருஞ்சொத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நட்ட, ஒட்டுக் கட்டாத கொடிகள். அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் பில்லாக்சிரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் திராட்சையைச் சூறையாடியது. அதன்பின் பெரும்பாலான இடங்களில் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டித்தான் நடுகிறார்கள். இந்தச் சரிவின் பழங்கொடிகள் சொந்த வேரிலேயே தப்பி நிற்கின்றன. வயதான கொடி குறைவாகவே காய்க்கும். கணக்குப் பார்ப்பவர் என்றோ பிடுங்கிப் போட்டிருப்பார். ஆனால் ஆழ வேரோடிய கொடி வறட்சியில் வாடுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு பழத்தின் தரம் அதிகம் ஏறி இறங்குவதுமில்லை.

மகசூல் குறைந்தால் விலை கிடைத்தாக வேண்டும். அதற்கு மேட்டின் பெயர் காப்பாற்றப்பட வேண்டும். இதில்தான் சிக்கல் வந்தது. 1971ல் ஜெர்மனி கொண்டுவந்த ஒயின் சட்டம், விளைந்த இடத்தைவிடச் சாற்றின் சர்க்கரை அளவுக்கே முதலிடம் கொடுத்துத் தரம் பிரித்தது. பல கிராமங்களைச் சேர்த்துப் பெரும்பரப்புப் பெயர்களையும் அனுமதித்தது. சார் பகுதிக்குச் சூட்டிய பெரும்பரப்புப் பெயர் ஷார்ட்ஸ்பெர்க்! நடுவில் ஓர் அசைதான் வித்தியாசம். சமவெளியில் விளைந்த மலிவுச் சரக்கும் ஏறக்குறைய அதே பெயரில் கடைக்கு வந்தால், வாங்குபவர் என்ன கண்டார்? சரிவில் முதுகொடிய உழைத்தவருக்கு இது அநியாயமே. 2021ல்தான் சட்டம் விளைநிலத்தை முன்னிறுத்தித் திருத்தப்பட்டது.

அதுவரை குடும்பத்தைத் தாங்கியது, மேட்டின் பழத்தை மற்ற இடத்துப் பழத்தோடு கலக்காத பிடிவாதம். பறிப்பிலும் பலமுறை பொறுக்கி எடுக்கிறார்கள். சாம்பல் பூஞ்சணம் பிடித்துச் சுருங்கிய பழத்தை நாம் எறிந்துவிடுவோம். அவர்களோ ஒவ்வொரு மணியாகப் பொறுக்கித் தனியே பிழிகிறார்கள். பூஞ்சணம் தோலைத் துளைத்து நீரை வற்றச் செய்வதால் சாறு தேன்போல் கெட்டிப்படுகிறது. அப்படி எடுத்த 2003ஆம் ஆண்டு ஒயின், 2015ல் டிரியர் ஏலத்தில் புட்டி ஒன்று பத்தாயிரம் யூரோவுக்கு மேல் போயிற்று. ஆனால் இது எல்லா ஆண்டும் கிடைக்கும் வரவல்ல; அளவும் மிகச் சொற்பம்.

எல்லாருக்கும் இந்தப் பெயர் வாய்க்கவில்லை. செங்குத்துச் சரிவில் ஆள் வேலை சமவெளியைப் போல் பல மடங்கு. கூலி கட்டாமல் பலர் கைவிட்டதில், மோசல் வட்டாரத்தில் 1990ஐ ஒட்டி 12,000 ஹெக்டேருக்குக் குறையாதிருந்த திராட்சைப் பரப்பு இன்று 9,000க்குக் கீழே இறங்கிவிட்டது. விட்ட தோட்டங்களில் முட்புதர் மண்டிக் கிடக்கிறது. இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. முன்பு பழம் கனியாத குளிர் ஆண்டுகளே கவலை. இப்போது வெப்பம் ஏறியதால் பழம் வெயிலில் வெந்துபோவது கவலையாகிவிட்டது. குளிர் அதிகம் என்று ஒதுக்கிய பக்கப் பள்ளத்தாக்குகளில் மறுபடியும் சிலர் கழி நடத் தொடங்கியிருக்கிறார்கள்.